மேலட் பட்டர் ஒத்துவரவில்லையா? விற்பதற்கு முன் அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

கோல்ஃப்பில் பந்தை ஹோலுக்குள் (குழிக்குள்) உருட்டிவிடும் மட்டைதான் பட்டர், அதில் ஹெட் (கீழ்முனைத் தலைப்பகுதி) பெரிதாகப் பின்னால் நீண்டிருப்பது மேலட். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து மேலட் பட்டர் வாங்கி, சில மாதம் ஆடிவிட்டு, "இது எனக்கு செட் ஆகலை, யாராவது வாங்கிக்கொள்வார்களா பாருங்கள்" என்று கொண்டுவருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அப்படிக் கைக்கு வரும் பட்டர்களில் ஹெட்டில் நிஜமான பழுது இருப்பது அபூர்வம். கிரிப் (கைப்பிடி) திரும்பியிருக்கும், நீளம் பொருந்தாமல் இருக்கும், கழுத்து (ஹெட்டும் தண்டும் சேரும் இடம்) அவருடைய ஸ்ட்ரோக்குக்கு (பந்தை அடிக்கும் வீச்சுக்கு) ஒத்துவராததாக இருக்கும், இல்லாவிட்டால் எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அதாவது காசு கொடுத்து வாங்கிய ஹெட் நன்றாகத்தான் இருக்கும், ஹெட்டுக்கும் கைக்கும் நடுவில் இருப்பதில்தான் கோளாறு. நல்ல பட்டரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அதே கோளாறோடு அடுத்ததை வாங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பட்டர் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். வரிசையை மாற்றாதீர்கள். எல்லாம் வலதுகைக்காரர்களுக்கு எழுதியது. இடதுகைக்காரர்கள் இடதை வலதாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

பிராக்டீஸ் கிரீனில் (ஹோலைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பயிற்சி இடத்தில்) மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, 6 அடி இடைவெளியில் இரண்டு பென்சிலைக் குத்தி, பந்துக்கு மேலே வருகிற மாதிரி நூல் கட்டுங்கள். நூலுக்கு அடியில் பந்தை வைத்துப் பத்துப் பதினைந்து பந்து அடியுங்கள். அப்புறம் மறுமுனைக்குப் போய் அதே நூலில் எதிர்த்திசையில் அடியுங்கள்.

இங்கே ஒரு விஷயம் தெளிவாகிவிடும். இரண்டு முனையிலிருந்து அடித்தாலும் பந்து மைதானத்தின் ஒரே பக்கமாக, சொல்லப்போனால் இரண்டு தடவையும் கிளப் ஹவுஸ் பக்கமாக ஒதுங்கினால், அது தரையின் சரிவு அல்லது புல் சாய்ந்திருக்கும் திசை. பட்டர் மேல் குற்றமே இல்லை. நம் ஊர் கிரீன்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல், அது ஒரு பக்கமாகப் படுத்து வளரும், பந்தையும் அந்தப் பக்கம் இழுக்கும். ஹோலின் விளிம்பைக் குனிந்து பாருங்கள், எந்த ஓரம் பிய்ந்து காய்ந்த மாதிரி இருக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கித்தான் புல் சாய்ந்திருக்கும். இரண்டு முனையிலிருந்து அடித்தாலும் உங்களுடைய இடது கைப் பக்கமே போனால், சரி, இப்போது பட்டரையும் உங்களையும் பார்க்கலாம்.

கூடவே முகத்துக்குப் போடும் பவுடரைப் பட்டரின் ஃபேஸில் (பந்தில் படும் தட்டை முகப்பில்) லேசாகத் தட்டிவிட்டு ஐந்தாறு பந்து அடியுங்கள். பந்து எங்கே படுகிறது என்று தடம் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இந்தத் தடம் கீழே பல இடத்தில் தேவைப்படும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## பந்து எப்போதும் இடது பக்கம் போகிறது

என்னிடம் வருகிற புகார்களில் முதலிடம் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பந்து இருக்கும் இடம். மேலட்டின் ஹெட் பின்னால் நீண்டிருப்பதால் பலர் தெரியாமலேயே பந்தை இடது கால் பக்கமாக அதிகம் தள்ளி வைத்துவிடுகிறார்கள். ஹெட் அங்கே போய்ச் சேருவதற்குள் ஃபேஸ் மூட (இடது பக்கம் திரும்ப) ஆரம்பித்திருக்கும். பந்தை ஒரு பந்து அகலம் பின்னால் நகர்த்தி அதே நூலில் அடித்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

கிரிப் திரும்பியிருப்பது. பட்டர் கிரிப்பின் முன்பக்கம் தட்டையாக இருக்கும், கட்டைவிரல்கள் அதன் மேல்தான் உட்காரும். அந்தத் தட்டைப் பக்கம் ஃபேஸுக்குச் சதுரமாக (திரும்பாமல் நேராக) இல்லாவிட்டால் உங்கள் கை ஒரு திசையை நேர் என்று நினைக்கும், ஃபேஸ் வேறு திசையைப் பார்க்கும். சோதிப்பது சுலபம். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஃபேஸின் மேல் விளிம்போடு ஒட்டிப் பிடியுங்கள், இன்னொரு ஸ்கேலைக் கிரிப்பின் தட்டைப் பக்கத்தில் குறுக்கே வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள், பட்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கிரிப் முனையிலிருந்து பாருங்கள். இரண்டு ஸ்கேலும் இணையாகத் தெரிய வேண்டும். கொஞ்சம்தானே கோணல் என்று விடாதீர்கள். ஃபேஸ் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 10 அடி தூரத்தில் பந்து ஏறக்குறைய 2 அங்குலம் விலகிவிடும். ஹோலின் விட்டமே 4.25 அங்குலம்தான், நடுவைக் குறிவைத்து அடித்த பந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. கடையில் புதுசாகப் போட்டு வந்த தடித்த கிரிப்புகளில் இந்தக் கோளாறை நான் அதிகம் பார்க்கிறேன். திருத்த வேண்டுமென்றால் கிரிப்பைக் கழற்றி மறுபடி போட வேண்டும். கம்ப்ரசர் காற்று வைத்துக் கழற்றினால் அதே கிரிப்பைத் திரும்பப் பயன்படுத்தலாம், கத்தியால் கிழிக்க விடாதீர்கள்.

கண் ஏமாற்றுவது. நீங்கள் ஹோலை நோக்கி வைத்ததாக நினைக்கும் ஃபேஸ் நிஜமாகவே அங்கே பார்க்கிறதா? 6 அடியில் ஹோலை நோக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை ஹெட்டை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். பலருக்கு இங்கேதான் அதிர்ச்சி. மேலட்டின் மேல் இருக்கும் நீளக்கோடுகளும், ஆடிசி நிறுவனத்தின் 2-பால் மாடலில் இருப்பது மாதிரியான வெள்ளை வட்டங்களும் சிலருக்குக் கண்ணை நேராக்கும், சிலருக்கு ஒரு பக்கமாக இழுக்கும். யாருக்கு எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும். கறுப்பு எலெக்ட்ரிகல் டேப்பை ஒட்டிக் கோடுகளை மறைத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கோடு இல்லாதபோது குறி நேராகிவிட்டால் உங்களுக்குத் தேவை கோடு குறைந்த மாடல், அல்லது வெறும் புள்ளி வைத்தது. போட்டிக்குப் போகும் முன் டேப்பை உரித்துவிடுங்கள்.

கழுத்து. தண்டை, அதாவது ஷாஃப்ட்டைச் சுட்டுவிரல் மேல் படுக்கவைத்துச் சமமாக நிறுத்துங்கள், கிரிப் கையில் படக்கூடாது. ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் அது ஃபேஸ்-பேலன்ஸ்டு. டோ (உங்கள் காலிலிருந்து தள்ளியிருக்கும் ஹெட்டின் முனை) கீழே தொங்கினால் டோ-ஹேங், எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு. ஹெட்டை உள்ளே இழுத்து வளைவாக அடிக்கிறவர் ஃபேஸ்-பேலன்ஸ்டு பட்டரை வைத்திருந்தால் ஃபேஸ் சீக்கிரம் மூடி இடது பக்கம் போகும் போக்கு அதிகம். அவருக்குக் கொஞ்சம் டோ தொங்குகிற கழுத்து பொருந்தும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரே பெயரில் ஒரே ஹெட்டுக்கு மூன்று விதக் கழுத்து வருகிறது. அமெரிக்க வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் டெய்லர்மேட் நிறுவனத்தின் ஸ்பைடர் டூர் எக்ஸ் மேலட்டுக்கு மாறி, உடனே ஆர்னால்டு பாமர் இன்விடேஷனல் போட்டியை வென்றார். அதைப் பார்த்து அந்தப் பெயரை வாங்கியவர்கள் நிறைய. அவர் வைத்திருந்தது எல்-நெக் என்ற கழுத்து. கடையில் சும்மா "ஸ்பைடர்" என்று கேட்டால் டபுள்-பெண்ட் கழுத்துள்ளது கையில் வந்து சேரலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விரலில் வைத்தால் இரண்டும் வேறு வேறு.

வளைந்த ஷாஃப்ட். இது கடைசி. பட்டரை ஊன்றி அதன் மேல் சாய்ந்து நிற்பவர்களுக்கும், விமானத்தில் மெல்லிய பையில் போட்டு அனுப்பியவர்களுக்கும் இது வரும். கிரிப் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடி ஷாஃப்ட்டை உருட்டிக்கொண்டே பாருங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் வளைவு இருந்தால் பயப்படாதீர்கள், டபுள்-பெண்ட் மாடல்களில் அது வேண்டுமென்றே வளைத்தது. விதிப்படி சோலிலிருந்து (ஹெட்டின் அடிப்பாகத்திலிருந்து) 5 அங்குலத்துக்கு மேலே ஷாஃப்ட் நேராக இருக்க வேண்டும், அதற்கு மேலே வளைவு தெரிந்தால் அது அடிபட்டது.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: கிரிப் கோணல் என்றால் கிரிப் போடுகிற எந்தக் கடையும் போதும். ஷாஃப்ட் வளைந்திருந்தால் புதுசு போடச் சொல்லுங்கள், முழங்காலில் வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கழுத்துதான் பிரச்சினை என்றால் ஃபிட்டரிடம் (ஆளுக்கேற்ப மட்டையைப் பொருத்தித் தருபவரிடம்) போய் அதே ஹெட்டை வேறு கழுத்தோடு அடித்துப் பார்த்த பிறகுதான் பணம் எடுக்க வேண்டும்.

## பந்து எப்போதும் வலது பக்கம் போகிறது

மேலே சொன்ன கிரிப், கண், ஷாஃப்ட் சோதனைகள் அப்படியே இதற்கும் பொருந்தும். வித்தியாசப்படும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பந்து ரொம்பப் பின்னால், வலது கால் பக்கம் இருந்தால் ஃபேஸ் சதுரமாவதற்குள் பட்டுவிடும். ஒரு பந்து அகலம் முன்னால் நகர்த்துங்கள். அப்புறம் கிரிப்பின் தடிமன். தடித்த கிரிப் மணிக்கட்டை அடக்கும், அதற்காகத்தான் வாங்குகிறோம், ஆனால் சிலருக்கு அது ஃபேஸ் மூடுவதையே நிறுத்திவிடும். வேறொருவருடைய மெல்லிய கிரிப் பட்டரால் பத்துப் பந்து அடித்தால் தெரிந்துவிடும். பட்டரை மாற்றுவதைவிடக் கிரிப்பை மாற்றுவது எவ்வளவோ மலிவு.

இதற்கும் சரியாகாமல், விரலில் வைத்தால் டோ நன்றாகத் தொங்கினால், உங்களுக்கு டோ-ஹேங் அதிகம். ஃபேஸ்-பேலன்ஸ்டு கழுத்தையோ, இப்போது பரவலாகப் பேசப்படும் ஜீரோ டார்க் (அடிக்கும்போது ஃபேஸ் தானாகத் திரும்பாதபடி செய்தது) வகையையோ முயன்று பார்க்கலாம். 2023-ல் லூகாஸ் குளோவர் அந்த வகையைச் செய்யும் லேப் கோல்ஃப் நிறுவனத்தின் பட்டரோடு அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு போட்டி வென்றார், 2025 யூஎஸ் ஓபனில் ஜே. ஜே. ஸ்பான் அதே நிறுவனத்தின் பட்டரால் கடைசி ஹோலில் 64 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டி உள்ளே போட்டு வென்றார், அதற்குப் பிறகு எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் கிரிப் கோணலாக இருக்கிறவருக்கு ஜீரோ டார்க்கும் வலது பக்கமே அடித்துக் கொடுக்கும்.

## ஒரு பந்து இடது, அடுத்தது வலது

இதுதான் ஆளைச் சோர்வடையச் செய்யும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஹெட் ஆடுகிறதா என்பது. ஹெட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவே துணி சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிரிப்பை ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி மெதுவாகத் திருப்புங்கள். துளி அசைவோ "டிக்" என்ற உணர்வோ வந்தால் ஹெட்டை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் எபாக்சிப் பசை விட்டுப்போயிருக்கிறது. இதற்கு முக்கியக் காரணம் கார் டிக்கி. சித்திரை வெயிலில் மூடிய காரில் கோல்ஃப் பையை நாள் முழுக்க வைத்தால் பசை இளகும், குளிர்ந்த பிறகு பழைய பிடிப்பு வராது. அந்த பட்டரால் மேற்கொண்டு ஆடாதீர்கள். வீட்டில் ஃபெவிக்விக் ஊற்றவும் வேண்டாம், அது ஆட்டத்தைத் தாங்காது, அதோடு ஹெட் கோணலாக ஒட்டிக்கொண்டால் பிரிப்பது இரட்டை வேலை. கிளப் ரிப்பேர் செய்பவருக்கு இது சின்ன வேலை, செலவும் குறைவு. ஒட்டும்போது ஃபேஸ் கிரிப்புக்குச் சதுரமாக இருக்கிறதா என்று கேட்டு, வாங்கியதும் இரண்டு ஸ்கேல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஹெட் உறுதியாக இருந்தால் பவுடர் தடத்தைப் பாருங்கள். தடங்கள் ஃபேஸ் முழுக்கச் சிதறியிருந்தால் காரணம் பெரும்பாலும் நீளம். பலர் 35 அங்குலத்தை வாங்கிவிட்டு, கைக்கு வசதியாகக் குனிந்து, மேலே இரண்டு அங்குலம் மிச்சம் விட்டுப் பிடிக்கிறார்கள். வழக்கம்போல் நின்று பட்டரைப் பிடியுங்கள், மூக்குத்தண்டின் மேலிருந்து, இரண்டு கண்ணுக்கு நடுவிலிருந்து, ஒரு பந்தைக் கீழே விடுங்கள். கீழே இருக்கும் பந்தின் மேலேயோ, அதற்குக் கொஞ்சம் உங்கள் பக்கமாகவோ விழ வேண்டும். பந்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தால் பட்டர் உங்களுக்குக் குட்டை, அல்லது ரொம்பக் குனிகிறீர்கள். ரொம்ப உள்ளே, கால் பக்கமாக விழுந்தால் நீளம் அதிகம்.

நீளம் அதிகம் என்று தெரிந்ததும் ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள்! முதலில் எங்கே பிடித்தால் சரியாக வருகிறதோ அங்கே கிரிப்பில் டேப் சுற்றிக் குறித்துக்கொண்டு சில ரவுண்டு ஆடுங்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங்வெயிட் (வீசும்போது ஹெட் கையில் தோன்றும் கனத்தின் அளவு) ஏறக்குறைய 3 புள்ளி குறையும், ஹெட்டில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும். ஓர் அங்குலம் வெட்டினால் ஹெட் காற்று மாதிரி தோன்றும், அதைச் சரிக்கட்டச் சுமார் 12 கிராம் எடை வேண்டும். சோலில் கழற்றி மாட்டும் எடை இருக்கிற மாடல் என்றால் வெட்டுவதற்கு முன்பே கனமான ஜோடி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் வெட்டாதீர்கள், குட்டையான பட்டருக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

## தூரம் வரவில்லை, எல்லாம் குட்டையாக நிற்கிறது

முதலில் கிரீனைப் பாருங்கள். மழைக்காலத்தில், அல்லது காலையில் தண்ணீர் விட்ட கிரீனில் எந்த பட்டரும் குட்டையாகத்தான் போகும். வீட்டு டைல்ஸிலோ மழமழப்பான கார்ப்பெட்டிலோ பழகிவிட்டு வருகிறவர்களுக்கும் இது நேரும். அடுத்தது பந்து. உறை மிருதுவான பந்தும், மிருதுவான இன்செர்ட் (ஃபேஸில் பதித்த தனித் துண்டு) உள்ள ஃபேஸும் சேர்ந்தால் சத்தமே வராது, சத்தம் வராததால் மெதுவாக அடித்துவிட்டோம் என்று கை கணக்குப் போடும், அடுத்த பந்தை வேகமாக அடிக்கும், தூரம் குழம்பும். ஒரே மாடல் பந்தில் ஒரு மாதம் ஆடுங்கள், பாதிப் புகார் காணாமல் போகும்.

அதற்குப் பிறகுதான் பட்டர். விலை கூடிய மேலட்டை எடைபோட எனக்குப் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. 20 அடியில் ஒரே நீள ஸ்ட்ரோக்கில் மூன்று பந்து ஃபேஸின் நடுவில், மூன்று பந்து அரை அங்குலம் டோ பக்கம், மூன்று பந்து அரை அங்குலம் ஹீல் (உங்கள் கால் பக்க முனை) பக்கம் அடியுங்கள். எடை ஓரங்களில் பரவியிருக்கும் நல்ல மேலட்டில் இந்த மூன்று கூட்டமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஓரத்தில் பட்ட பந்துகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு பின்தங்கினால், உங்கள் பழைய பிளேடோடு (ஹெட் மெல்லியதாக இருக்கும் பட்டரோடு) ஒப்பிட்டுப் பாருங்கள். பிளேடும் இதுவும் ஒரே அளவு பின்தங்கினால் நீங்கள் கொடுத்த கூடுதல் காசுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அந்த பட்டரை வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். வித்தியாசம் இருந்தால் பட்டர் தன் வேலையைச் செய்கிறது, குறை வேறெங்கோ.

ஹெட்டின் எடை கையில் தெரியவே இல்லை என்பவர்கள் கிரிப்பைச் சந்தேகிக்கலாம். கிரிப்பில் 5 கிராம் கூடினால் ஸ்விங்வெயிட் ஏறக்குறைய ஒரு புள்ளி குறைகிற மாதிரி ஆகும், கனமான பெரிய கிரிப் போட்டதும் ஹெட் காணாமல் போனது போலத் தோன்றுவது அதனால்தான். பழைய கிரிப்பையும் புதுசையும் சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஒரு விஷயம், சோல் எடையை ரவுண்டுக்கு முன்போ பின்போதான் மாற்ற வேண்டும், ஆடிக்கொண்டிருக்கும்போது மாற்றுவது விதிக்குப் புறம்பு.

## அடித்ததும் பந்து துள்ளுகிறது

செல்போனைத் தரையோடு தரையாக வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். பந்தின் நடுவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எப்போது உருளத் தொடங்குகிறது என்று தெரியும். பந்து மேலே எம்பிக் குதித்தால் படும்போது லாஃப்ட் (ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அதிகம், தரைக்குள் அமுங்கி அப்புறம் துள்ளினால் லாஃப்ட் பற்றவில்லை.

காரணம் பெரும்பாலும் கை. ஷாஃப்ட் ஹோல் பக்கம் ரொம்பச் சாய்ந்தால் லாஃப்ட் செத்துவிடும், பின்பக்கம் சாய்ந்தால் கூடும். வீடியோவை, பந்து படும் நொடியில் நிறுத்திப் பாருங்கள், ஷாஃப்ட் ஏறக்குறைய நிமிர்ந்தோ லேசாக முன் சாய்ந்தோ இருக்க வேண்டும். பந்தின் இடத்தை மாற்றினாலே பலருக்கு இது சரியாகும். கை சரியாக இருந்தும் துள்ளினால் லாஃப்டை அளக்க வேண்டும். கடையில் வரும் மேலட்டுகளில் 3 டிகிரி, அதை ஒட்டிய அளவு வழக்கம். பந்து புல்லில் கொஞ்சம் புதைந்து உட்காரும் மெதுவான கிரீனுக்கு ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் நல்லது என்பது என் அனுபவம்.

லாஃப்டை அளப்பதும் வளைப்பதும் ஃபிட்டரின் வேலை, வீட்டில் வேண்டவே வேண்டாம். அவரிடம் கொடுக்கும் முன் ஹெட் எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அலுமினிய ஹெட்டின் கழுத்து வளைத்தால் விரிசல் விடும், அதில் ஷாஃப்ட்டைத்தான் வளைக்க வேண்டும். ஜீரோ டார்க் வகை பட்டர்கள் குறிப்பிட்ட லை கோணத்துக்கு (ஹெட் தரையில் உட்காரும்போது தண்டு சாயும் கோணத்துக்கு) சமன் செய்யப்பட்டவை, அவற்றை வளைத்தால் எதற்காக வாங்கினீர்களோ அதுவே போய்விடும். தயாரித்த நிறுவனத்தைக் கேட்காமல் யாரையும் தொடவிடாதீர்கள்.

## ஹெட் தரையில் சரியாக உட்காரவில்லை

டோ தூக்கிக்கொண்டு நிற்பது மேலட்டில் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் ஹெட் பெரியது. முதலில் டைல்ஸ் தரையில் நின்று பாருங்கள், கிரீனின் சரிவு ஏமாற்றாமல் இருக்க. டோவுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவு தூக்கியிருந்தால் எனக்குக் கவலை இல்லை, சோல் பலவற்றில் லேசாக வளைவாகவே இருக்கும். அதைவிட அதிகம் என்றால் கைகளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள், அதுவும் உதவாவிட்டால் பட்டர் உங்களுக்கு நீளம் அதிகம், மேலே சொன்ன நீளச் சோதனைக்குப் போங்கள்.

லை கோணம் தப்பானால் பந்து கோணலாகப் போகும் என்று கேட்கிறவர்களையெல்லாம் பயமுறுத்துகிறார்கள். அயர்னில் (பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டையில்) அது உண்மை. பட்டரில் லாஃப்ட் ரொம்பக் குறைவு என்பதால் லை இரண்டு டிகிரி தப்பினாலும் திசை மாறுவது மிகக் கொஞ்சம். தொல்லை வேறு இடத்தில், ஹீல் தரையில் உரசும், பந்து ஃபேஸின் நடுவில் படாது, கண்ணுக்கும் குறி கோணலாகத் தெரியும். அதனால் பவுடர் தடம் நடுவில் இருந்து, குறிச் சோதனையும் நேராக இருந்தால் லை மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம்.

## உள்ளே ஏதோ கடகடக்கிறது, சத்தம் மாறிவிட்டது

பட்டரைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள். சத்தம் ஷாஃப்ட்டுக்குள் மேலும் கீழும் ஓடினால் உடைந்து விழுந்த எபாக்சித் துணுக்கு, ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை, எரிச்சல் மட்டும்தான். அடுத்த முறை கிரிப் மாற்றும்போது கொட்டிவிடச் சொல்லுங்கள். சத்தம் ஹெட்டிலிருந்து வந்தால் எடை ஸ்க்ரூக்களைப் பாருங்கள், வாங்கும்போது வந்த ரெஞ்சால் மட்டும் முடுக்குங்கள். கைக்குக் கிடைத்த ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அது வெளியே வரவே வராது.

இன்செர்ட்டின் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தூக்கியிருந்தால் பந்து படும் சத்தம் மந்தமாக, உடைந்த மாதிரி கேட்கும். இதை நீங்களே ஒட்டினால் வாரண்டி போகும், இன்செர்ட் மட்டமாகவும் உட்காராது. பில்லோடு வாங்கிய கடைக்கு அனுப்புங்கள். எடையை இறுக்கியும் ஹெட்டுக்குள் சத்தம் நிற்காவிட்டால் அதுவும் அங்கேதான் போக வேண்டும், பல பாகங்களை ஒட்டிச் செய்த ஹெட்டை உள்ளூரில் பிரிக்க விடாதீர்கள்.

## கூசுகிறது, துருப் பிடிக்கிறது, வழுக்குகிறது

பளபளப்பான ஹெட்டில் வெயில் பட்டுக் கண் கூசினால் அடுத்த தடவை மங்கலான ஃபினிஷ் வாங்குவதைத் தவிர நிரந்தர வழி இல்லை. கறுப்பு ஃபினிஷ் ஓரங்களில் தேய்வது சாதாரணம், பழுது அல்ல. கார்பன் ஸ்டீல் ஹெட் கடற்கரை ஊர்களில் வேகமாகத் துருப் பிடிக்கும், ஆடி முடித்ததும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ தடவி வையுங்கள், ஈரமான ஹெட் கவருக்குள் மட்டும் போடாதீர்கள். கிரிப் வழுக்கினால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். அப்படியும் வழுக்கினால் அதன் காலம் முடிந்தது.

## போலியோ என்று சந்தேகமாக இருக்கிறது

ஸ்காட்டி கேமரன் என்ற பட்டர் பிராண்டின் பெயரில் போலிகள் ஏராளம், இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். எழுத்துகளின் விளிம்பு, உள்ளே ஊற்றிய பெயின்ட், ஹெட் கவரின் தையல் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நிறுவனத்தின் தளத்திலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். 303 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்தது என்று சொல்லப்படும் ஹெட்டில் ஃப்ரிட்ஜ் காந்தம் பலமாக ஒட்டினால் அது அந்த உலோகம் இல்லை. ஒட்டவில்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது, போலிகளில் போடும் துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. சந்தேகம் தீராவிட்டால் பணம் கொடுப்பதற்கு முன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் காட்டுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

## எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை

இந்த நிலையில் ஒரு ஃபிட்டரிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது அடுத்த பட்டரைவிட மலிவு. போகும்போது உங்கள் பட்டர், நீங்கள் ஆடும் பந்து, பவுடர் தடத்தின் போட்டோ, ஸ்லோமோஷன் வீடியோ எல்லாம் எடுத்துப் போங்கள். அவரிடம் நான்கு அளவுகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: உங்கள் நீளம், லை, பந்து படும்போது இருக்கும் லாஃப்ட், எவ்வளவு டோ-ஹேங் ஒத்துவருகிறது. அந்த நான்கும் கையில் இருக்கும் ஹெட்டில் கழுத்தையோ ஷாஃப்ட்டையோ மாற்றிக் கிடைக்குமானால் மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்காது என்று அவரே அளந்து சொன்னால் தயங்காமல் விற்றுவிடலாம். விற்கும்போது நீளத்தையும் வெட்டிய விவரத்தையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், ஒரிஜினல் எடை ஸ்க்ரூவையும் ரெஞ்சையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.